முப்பத்தைந்தாவது விநாடி

ஆர்னோ ஃபெல்டனை வுப்பர்டால் ஊர்க்காரர்களான நாங்கள் ‘அவன்’ என்றுதான் சொல்வோம். வெளியூரில் அவன் ‘அவர்’. அங்கே அவன் மேடையேறினால் எழுபது பேர் வாத்தியத்தைத் தூக்கிப் பிடித்தபடி அவன் கையசைவுக்குக் காத்திருப்பார்கள். இங்கே அவன் பார்மன் பக்கத்தில் நாடா ஆலையில் தறி ஓட்டிய ஃபெல்டனின் மகன், அவ்வளவுதான். பெரிய இசை நடத்துநர் என்று சொன்னால் அது அளப்பு. மோசமானவன் என்று சொன்னால் அதுவும் பொய். நம் நாட்டில் ஊருக்கு ஊர் இசைக்குழு இருக்கிறது, குழுவுக்குக் குழு கையசைக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. அப்படித் தேவைப்பட்ட இடத்தில் எல்லாம் ஒழுங்காக வேலை பார்த்து, எழுபது தாண்டியதும் ஓய்வு பெற்று, மனைவியை வடக்கே ஒரு கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, ஊர் திரும்பியவன். திரும்பும்போது அவனுக்குச் செய்யாமல் விட்ட காரியம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கூடப் படித்த ரோஸ்விதாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு அவனுக்கு முப்பத்தெட்டு வருடமாக வாய் வரவில்லை.

எல்லா நடத்துநர்களையும் போல அவனும் அடிப்படியில்தான் தொடங்கினான். ஒரு சிறிய ஊரின் ஓபரா அரங்கில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் வேலை. பாடகர்கள் தப்பாகப் பாடினால் பழி பியானோக்காரன் மேல் விழும், சரியாகப் பாடினால் பேர் நடத்துநருக்குப் போகும். ஐந்து வருடம் அதைப் பொறுத்துக்கொண்டான். நடத்துநருக்கு வயிற்றுவலி வந்த நாட்களில் மட்டும் கோலைக் கையில் எடுக்கக் கிடைத்தது. அந்த ஆளுக்கோ கல் வயிறு.

பொறுத்தது போதும் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் ஊருக்கு வந்து, உடன்படித்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஒரு குழு ஆரம்பித்தான். ஒருத்தி கிளாரினெட் வாசிக்கும் ரோஸ்விதா கெம்னா. இன்னொருவன் தாளக் கருவிகள் வாசிக்கும் எக்கார்ட். அவனுக்கு ஒரு வண்டி நிறையத் தட்டுமுட்டுச் சாமான், அதைவிட நீளமாக ஒரு நாக்கு. மொத்தம் பதினொரு வாசிப்பாளர்கள், அதனால் குழுவுக்குப் ‘பதினொருவர்’ என்றே பெயர் வைத்தார்கள். உயிரோடு இருப்பவர்கள் எழுதும் இசையை மட்டுமே வாசிப்பது என்று சத்தியம். மூடிப்போன நாடா ஆலையின் மூன்றாம் மாடியில் ஒத்திகை. கீழே ரொட்டிக் கடைக்காரியிடம் குழுவின் பெயரைச் சொன்னதும் அவள் கேட்டாள்:

“பதினொரு பேரா? எந்த டிவிஷன்ல ஆடுறீங்க?”

“கடைசி டிவிஷன்தான் மேடம்” என்றான் எக்கார்ட். “எங்களுக்குப் பந்துகூடக் கிடையாது.”

“அப்போ இவரு?” என்று ஆர்னோவைக் காட்டினாள்.

“நடுவர். ஆனா விசில் ஊதத் தெரியாது. சும்மா கைய ஆட்டிட்டு நிப்பான்.”

ஊரில் பாதிப் பேர் இவர்கள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, இன்னும் சுருதி சேர்த்து முடிக்கவில்லை போல என்று காத்திருந்தார்கள். அதைப் பற்றி இவர்கள் கவலைப்படவில்லை. புது இசை என்பது முதலில் எண்ணத் தெரிந்தவர்களின் வேலை. ஒரு தாளக் கட்டத்தில் ஐந்து தட்டு, அடுத்ததில் ஏழு, அதற்கடுத்ததில் இரண்டரை என்று எழுதி வைத்திருப்பார்கள். வாசிப்பவர் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், எண்ணுவது வெளியே தெரியவும் கூடாது. அதில் ரோஸ்விதாவை அடிக்க ஆள் இல்லை. அவள் முட்டை வேக வைத்தால் கடிகாரம் பார்க்க மாட்டாள். பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று எழுந்து போய் அடுப்பை அணைப்பாள், மஞ்சள் கரு அவள் சொன்ன பக்குவத்தில் இருக்கும். “உன் வயித்துக்குள்ள ஒரு பெண்டுலம் ஆடுதுடீ” என்பான் எக்கார்ட். ஆர்னோவுக்கு அவள் உட்கார்ந்திருக்கும் பக்கம் ஒரு சுவர் இருப்பதைப் போலத் தைரியம். தான் தடுமாறினாலும் அவள் தடுமாற மாட்டாள் என்று அவன் மனதார நம்பினான். அதை அவளிடம் சொன்னதும் உண்டு.

எண்பத்தாறாம் வருட வசந்தத்தில், தெற்கே ஒரு சிறிய ஊரில் நடக்கும் புது இசை விழாவுக்கு முதல்முறையாக அழைப்பு வந்தது. ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நிகழ்ச்சி, வானொலியில் நேரடி ஒலிபரப்பு. புது இசை வட்டாரத்தில் பேர் வாங்க வேண்டும் என்றால் அங்கேதான் வாங்க வேண்டும். ஓர் இளம் இசையமைப்பாளர் இவர்களுக்கென்றே எழுதிய புதுப் படைப்பு. அதன் நடுவில் ஒரு நீண்ட மௌனம் இருந்தது. எக்கார்ட் காங் என்னும் பெரிய வெண்கலத் தட்டில் ஓர் அடி கொடுப்பான். அந்த அடியிலிருந்து நாற்பது விநாடி யாரும் வாசிக்கக் கூடாது. நாற்பதாவது விநாடியில் நடத்துநர் கை காட்டப் பத்துப் பேரும் ஒன்றாக நுழைய வேண்டும். கிளாரினெட் மட்டும் ஐந்து விநாடி முன்னால், முப்பத்தைந்தாவது விநாடியில், மூச்சு வருவது போலத் தானாகத் தொடங்க வேண்டும். அவளுடைய தாளில் இசையமைப்பாளர் கைப்பட எழுதியிருந்தார்: ‘நடத்துநரைப் பார்க்காதே, நீயே எண்ணு.’ ஆர்னோவின் மேசையில் ஒரு நிறுத்துக் கடிகாரம். காங் விழுந்ததும் இடது கையால் அதை அழுத்த வேண்டியது அவன் வேலை.

எக்கார்ட் அடித்தான். அந்த ஊர் மண்டபத்தின் மர உத்தரத்துக்கும் அந்தக் காங்கிற்கும் என்ன பொருத்தமோ, ஒத்திகையில் கேட்காத ஒரு கார்வை அதிலிருந்து கிளம்பியது. ஒன்றாகக் கிளம்பி இரண்டாகப் பிரிந்து, கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக, தரைக்குள் இறங்குவது போல இறங்கிக்கொண்டே போனது. ஆர்னோ கண்ணை மூடிக் கேட்டான். டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தவனைப் போலக் கேட்டான். பிறகு திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தால் கடிகாரத்தின் முள் பூஜ்யத்தின் மேலேயே நின்றது. அழுத்தவே இல்லை. அவசரமாக அழுத்தினான். அழுத்தும்போது காங் விழுந்து எத்தனை விநாடி ஆகியிருந்தது என்று அவனுக்குத் தெரியாது. பத்தா, பதினைந்தா?

முள் இருபத்திரண்டைத் தாண்டியபோது கிளாரினெட் வந்தது.

ஆர்னோ நிமிர்ந்தான். இடது கை தானாக அவள் பக்கம் நீண்டது, உள்ளங்கை விரிந்து, ‘நில்’ என்றது. யோசித்துச் செய்ததல்ல, கைக்குப் பழகிய வேலை. நானூறு பேர் அந்தக் கையைப் பார்த்தார்கள். ரோஸ்விதா அவனைப் பார்த்தாள், உதட்டிலிருந்து வாத்தியத்தை எடுத்தாள். அவள் முகம் கழுத்து வரை சிவந்தது. மறுபடி மௌனம். பிறகு அவன் கை காட்டப் பத்துப் பேரும் துல்லியமாக நுழைந்தார்கள். கிளாரினெட் இரண்டு கட்டம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது.

அவள் சரியாக எண்ணியிருந்தாள், தவறு தன்னுடையது என்று ஆர்னோவுக்கு அடுத்த பக்கம் திருப்புவதற்குள் தெரிந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியவில்லை. மற்ற பத்துப் பேரும் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மௌனத்தை யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்?

மத்தியானம் விழா நடக்கும் பள்ளியின் உணவுக்கூடத்தில் பட்டாணி சூப்பும் சாசேஜும். வாங்கிக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார்ந்து, “முட்டாள்தனம் என்னோடது” என்று சொல்லிவிடலாம் என்றுதான் தட்டோடு நடந்தான். வழியில் வானொலியின் இசைப் பிரிவுத் தலைவர் அவன் தோளைப் பிடித்தார்.

“ஹெர் ஃபெல்டன், ஒரு ஆள் தடம் மாறிப் போறப்ப மத்தப் பத்துப் பேரையும் கட்டி நிறுத்தினீங்களே, அதுதான் நடத்துநர்! ஒரு கையில முடிச்சிட்டீங்க. அடுத்த சீசன்ல எங்க குழுவோட ஒரு வாரம் வேலை செய்யணும். வருவீங்களா?”

ஆர்னோவுக்கு முப்பத்தேழு வயது. அப்படி ஒருவர் அவனை இதுவரை கேட்டதில்லை. “வர்றேன்” என்றான். சூப் ஆறிப்போனது.

ஊர் திரும்பும் பேருந்தில் ரோஸ்விதா அவனருகில் வந்து உட்கார்ந்தாள். மெதுவாகக் கேட்டாள்:

“ஆர்னோ, நான் முப்பத்தஞ்சு எண்ணித்தான் வந்தேன். அப்படித்தான் நினைக்கிறேன். ரொம்ப முன்னாடியா வந்துட்டேன்?”

அவள் கேட்டதில் குற்றச்சாட்டு இல்லை. உள்ளபடியே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

“விடு ரோஸ்விதா” என்றான் ஆர்னோ. “யாருக்கும் நடக்கிறதுதான்.”

தான் செய்த தவறுக்கு அவளைப் பெரிய மனதோடு மன்னித்துவிட்டான். பேருந்து நகர்ந்துகொண்டிருந்தது, முன்னால் எக்கார்ட் யாரையோ கிண்டல் செய்து சிரித்துக்கொண்டிருந்தான். அவள் ஆர்னோவின் கையைத் தட்டி, “தேங்க்ஸ்டா” என்று சொல்லிவிட்டு எழுந்து தன் இடத்துக்குப் போனாள். பிற்காலத்தில் அவனைத் தூங்க விடாமல் செய்தது உள்ளங்கை நீட்டியதல்ல, இந்த நன்றிதான்.

செவ்வாய்க்கிழமை பத்திரிகையில், ‘முக்கியமான இடத்தில் கிளாரினெட் வழி தவறியது, நடத்துநரின் நிதானம் படைப்பைக் காப்பாற்றியது’ என்று வந்தது. இரண்டு வாரம் கழித்து வானொலியிலிருந்து கேசட் வந்தது. ஆர்னோ கதவைச் சாத்திவிட்டு, கையில் அதே நிறுத்துக் கடிகாரத்தோடு கேட்டான். காங் விழுந்ததிலிருந்து கிளாரினெட் வரை முப்பத்தைந்து விநாடி. மறுபடி வைத்துக் கேட்டான். முப்பத்தைந்து. கேசட்டைக் குழுவுக்குக் கொடுக்கவில்லை, வரவே இல்லை என்று சொல்லிவிட்டான்.

அப்புறம் ரோஸ்விதா மாறினாள். ஒத்திகையில், “ஒண்ணு எங்க விழுது? இன்னொரு தடவை காட்டு” என்று கேட்க ஆரம்பித்தாள். தாளெங்கும் பென்சிலால் கோடு கோடாகப் போட்டுக்கொண்டாள். முன்பு அவளைப் பார்த்து நுழைந்தவர்கள் இப்போது அவள் நுழையும்போது ஆர்னோவை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அதை அவள் கவனித்தாள். அவள் கவனிப்பதை அவன் கவனித்தான். எண்பத்தெட்டில் நகர இசைப் பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லி விலகினாள். “எண்ணினா பயமா இருக்குடா, அப்புறம் எப்படி வாசிக்கிறது?” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். விருந்து வைத்துப் பூங்கொத்துக் கொடுத்து அனுப்பினார்கள். ஆர்னோதான் பேசினான். நன்றாகப் பேசினான், பாவி.

அவனுக்கு ஏறுமுகம். வானொலிக் குழு ஒரு வாரத்துக்குக் கூப்பிட்டது, அடுத்த வருடம் மூன்று வாரம். புரியாத இசையா, ஃபெல்டனைக் கூப்பிடு என்று ஆயிற்று. பிறகு வடக்கே ஒரு துறைமுக ஊரில் தலைமை நடத்துநர் பதவி, இருபத்திரண்டு வருடம். அங்கே கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரே இசையை நடத்தினான், மேயருடன் கைகுலுக்கினான், வயதானவர்கள் இருமுவதற்கு இடைவெளி விட்டுக் கோலைத் தூக்கக் கற்றுக்கொண்டான். பெர்லினுக்கோ முனிக்குக்கோ யாரும் கூப்பிடவில்லை. யாராவது தவறாக நுழைந்தால் அந்த ஆளைப் பார்க்கவே மாட்டான், தலையைக் குனிந்துகொள்வான். இசைக்கலைஞர்கள் அவனை நல்ல மனுஷன் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சில் முள் தைத்தது.

ஊர் திரும்பிய மறு வருடம் எக்கார்ட் போன் செய்தான். ‘பதினொருவர்’ குழுவில் இப்போது வாசிப்பவர்கள் எல்லாம் இளைஞர்கள், எக்கார்ட் சங்கத் தலைவர்.

“டேய், நாப்பத்தஞ்சாவது வருஷ விழா. அந்தக் காங் சமாசாரத்தையே திரும்பப் போடறோம். நீதான் நடத்தணும். கை இன்னும் தூக்க வருதா, இல்ல வெந்நீர் ஒத்தடம் குடுக்கணுமா?”

“வருது” என்றான் ஆர்னோ. எக்கார்டிடம் போனிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் மழையில் தொங்கு ரயிலேறி, படிக்கட்டுத் தெரு ஒன்றில் மூச்சு வாங்க ஏறி, ரோஸ்விதாவின் வீட்டு மணியை அடித்தான்.

அவள் வாஃபிள் சுட்டு, சூடான செர்ரியை ஊற்றி வைத்தாள். எழுபத்து மூன்று வயதிலும் முதுகு நேராக இருந்தது. அவன் முள்கரண்டியைத் தொடாமலே எல்லாவற்றையும் சொன்னான். காங், மூடிய கண், அழுத்தாத கடிகாரம், கேசட். சொல்லி முடித்ததும் அவள் அதிகாரி கேட்பது போலக் கேட்டாள்:

“கேசட்ல எத்தனை?”

“முப்பத்தஞ்சு.”

“சரியா?”

“சரியா.”

அவள் எழுந்து சன்னலண்டை போய் நின்றாள். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

“காங் கேட்டு மயங்கி நின்னேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன்டா. அதுக்காக உன்னை இன்னும் பிடிச்சிருக்கும்.”

“தெரியும்.”

“தெரியாது. என் புருஷன் சாகற வரைக்கும் வீட்டுல அரிசி அளக்கணும்னாகூட அவரைத்தான் கூப்பிடுவேன். என் கணக்கு மேல எனக்கே நம்பிக்கை இல்ல. அது உனக்கு எப்படித் தெரியும்?”

ஆர்னோ தலையைக் குனிந்தான். என்ன செய்யட்டும் என்று கேட்டான். அவள் விரல் விட்டு எண்ணினாள்.

“அன்னைக்கு வாசிச்ச பத்துப் பேர்ல நாலு பேர் போய்ச் சேர்ந்தாச்சு. ஆறு பேர் இருக்காங்க. ஆறு வீட்டுக்கும் போ. உக்காரு. அவங்க குடுக்கற காபியைக் குடி. என்கிட்ட சொன்ன மாதிரியே மூஞ்சியப் பார்த்துச் சொல்லு. அவங்கதான் நான் நுழையறப்ப உன்னை ஓரக்கண்ணால பார்த்தவங்க. வேற யாரும் எனக்கு வேண்டாம்.”

“போறேன்” என்றான். மனதாரத்தான் சொன்னான்.

முதலில் அந்த ஆறு பேரில் பாசூன் என்னும் நீளக் குழல் வாசித்தவரின் வீட்டுக்குப் போனான். மணியடிக்கும் முன் சன்னல் வழியாகப் பார்த்தால் கிழவர் காலுறையோடு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லித் தொடங்குவது? ஒருவரின் எதிரில், மேசைக்கு அந்தப் பக்கம், காபிக் கோப்பையோடு. ஆயிரம் பேருக்கு முன்னால் நின்றவன் அந்த வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினான். மற்ற ஐந்து வீடுகளின் பக்கமே போகவில்லை. விழாவில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டால் அதைவிடப் பெரிய பிராயச்சித்தம் ஏது என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டான். ஆறு பேரும் எப்படியும் வரத்தானே போகிறார்கள்?

ஞாயிறு காலை பதினொரு மணி, அதே நாடா ஆலையின் மூன்றாம் மாடி. இப்போது அது வெள்ளையடித்த அரங்கம், முந்நூறு நாற்காலி. காங் படைப்புக்கு முன் ஆர்னோ அவையின் பக்கம் திரும்பி நின்றான். சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் மேடையில் நிற்பவனுக்கு வரும் பழக்கம் அவனுக்கும் வந்தது. கண்ணை மூடி நின்றதைச் சொன்னபோது ஒரு சிறிய இடைவெளி விட்டான், கடிகாரத்தின் முள் நின்ற இடத்தைச் சொன்னபோது புருவத்தைத் தூக்கினான். அவை சிரித்தது. பேருந்தில் தான் அவளை மன்னித்ததைச் சொன்னபோது ஓவென்று ஒரு பெருமூச்சு. “சரியா எண்ணினவங்க மூணாவது வரிசையில உக்காந்திருக்காங்க” என்று கையை நீட்டியதும் முந்நூறு தலையும் திரும்பின. ரோஸ்விதா மடியிலிருந்த நிகழ்ச்சிநிரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கைதட்டல் எழுந்தது. யாரோ ‘பிராவோ’ என்று கத்தினார்கள். இளைஞர்கள் மேடையில் காலால் தரையைத் தட்டினார்கள், வாசிப்பவர்கள் நடத்துநருக்குத் தரும் மரியாதை அது. ஆர்னோவுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கினாற்போல் இருந்தது. படைப்பு அற்புதமாக அமைந்தது. இந்த முறை கடிகாரத்தைச் சரியாக அழுத்தினான்.

முடிந்ததும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். நகரப் பத்திரிகைக்காரி அவன் நேர்மையைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதப் போவதாகச் சொன்னாள். பாசூன்காரர் முதுகில் தட்டிவிட்டு ஒயின் மேசைப் பக்கம் போனார். எக்கார்ட் ஓடி வந்து கட்டிப்பிடித்தான்.

“என்னா கதைடா! என்னா தைரியம்! அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா ஒரு ரவுண்டு பீரோட முடிஞ்சிருக்குமே!”

“ரோஸ்விதாகிட்ட பேசினியா?” என்று கேட்டான் ஆர்னோ.

“அவளா? கூட்டத்துல காணோமே. அப்புறம் பேசிக்கலாம், நீ வா, மேயர் உன்னைக் கேக்கறாரு.”

ஆர்னோ அவர்களை விலக்கிக்கொண்டு கோட்டு மாட்டும் இடத்துக்குப் போனான். அவள் கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

“ரோஸ்விதா, சொல்லிட்டேன். எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.”

“கேட்டேன்” என்றாள். கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். கோபம் இல்லை.

“நான் ஆறு பேர் கேட்டேன், ஆர்னோ. நீ முந்நூறு பேரைக் கூட்டினே. அன்னைக்கும் கைதட்டு உனக்குத்தான். இன்னைக்கும் உனக்குத்தான்.”

அவள் படியிறங்கிப் போனாள். அவன் பின்னாலேயே போயிருக்கலாம். அதற்குள் முன்பின் தெரியாத ஒருவர் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் போல உண்மையான மனுஷரைப் பார்த்ததே இல்லை என்றார். ஆர்னோ நன்றி சொன்னான்.